உன் அப்பா தப்பாக நிறுக்கவில்லை

அருளு,

நீ பூனாவுக்கு ரயிலேறிப் பதினேழு நாளாகிறது. தினமும் போனில் பேசுகிறோம். கல்யாணப் பத்திரிகையில் எழுத்துப்பிழை திருத்தியாயிற்றா, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்களா, உன் கோட்டுக்கு அளவு கொடுத்தாயா என்று எல்லாம் பேசுகிறோம். இதை மட்டும் என்னால் போனில் சொல்ல முடியவில்லை. சொன்னால் நீ "சரிம்மா, விடும்மா" என்பாய். நானும் அதைப் பிடித்துக்கொண்டு விட்டுவிடுவேன். இருபத்து நான்கு வருடமாக எதையாவது பிடித்துக்கொண்டு விட்டுத்தான் வந்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். உனக்கு எழுதினாலும் இதை நீ மூடிவைக்க வேண்டியதில்லை. உன் நிச்சயதார்த்தத்தன்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஒரு ஹால் நிறைய இருந்தார்கள். அவர்களில் யார் கைக்கு இது போனாலும் படிக்கட்டும்.

அன்று நடந்தது உனக்கு நினைவிருக்காது. உனக்கு அது ஒரு சின்ன வேடிக்கை. சாப்பாட்டுப் பந்தியில் பெண் வீட்டுப் பக்கம், ரூபியின் சித்தப்பா அப்பாவின் இடது கையைப் பார்த்துவிட்டு, "சம்பந்தி, வெரலு இன்னா ஆச்சு?" என்று கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "அது அவரே வெச்சிக்கினது அங்கிள். துப்பாக்கித் தோட்டாவுக்கு மருந்து போடறேன்னு அளவு தெரியாம அள்ளிக் கொட்டிகினாரு. எங்க வூட்ல இப்பகூட அவரு கையில ஸ்பூன் குடுக்க மாட்டோம்." எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்தக் கையை இலைக்கு அடியில் மடியில் வைத்துக்கொண்டார். நான் பாயசத் தூக்கோடு இரண்டு இலை தள்ளி நின்றிருந்தேன். நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வாக்கியத்தைச் சின்ன வயதிலிருந்து உன் வாயில் போட்டு வளர்த்ததே நான்தான்.

அப்பா தப்பாக நிறுக்கவில்லை. அவர் அளவு சரியாகத்தான் இருந்தது. மருந்தைக் கலந்து வைத்தவள் நான்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்கு அப்போது ஆறு வயது. உன் தாத்தா ராயபுரத்தில் கப்பல்களுக்குக் கயிறு, பெயிண்ட், காய்கறி சப்ளை செய்தவர். வேட்டைக்குத் தடை வருவதற்கு முன்னால் அவர் ஒரு ரைஃபிள் வாங்கியிருந்தார். வால்நட் மரக்கட்டையில் செய்த பழைய வேட்டை ரைஃபிள், ஏழு மில்லிமீட்டர் ரகம். அவர் போன பிறகு லைசென்ஸ் அப்பா பெயருக்கு மாறியது. அப்பா ஒரு காக்கையைக்கூடச் சுட்டவரில்லை. ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து மாதத்தில் ஒரு ஞாயிறு காகித வட்டத்தைச் சுட்டுவிட்டு வருவார். அந்தப் பழைய ரகத்துக்குத் தோட்டா சுலபத்தில் கிடைக்காது, கிடைத்தாலும் யானை விலை. அதனால் அதற்கும் தனியாக அனுமதி வாங்கிக்கொண்டு, சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை எடுத்துவந்து வீட்டிலேயே திரும்ப நிரப்புவார். நம் திருவொற்றியூர் வீட்டில் சாப்பாட்டு மேசை என்று ஒன்றுதான் உண்டு. வேலை நடப்பதும் அதில்தான்.

அவர் அதைச் செய்யும்போது நீ பார்த்திருக்க வேண்டும். மணலி ஃபேக்டரியில் அவர் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக். பிரஷர் காட்டும் கேஜ், சூடு காட்டும் மீட்டர் எல்லாவற்றையும் சரிபார்த்து முத்திரை வைப்பவர். அவர் முத்திரை வைத்தால் இன்ஜினீயர்கள் திரும்பப் பார்க்கமாட்டார்கள். அந்தக் கையும் கண்ணும்தான் வீட்டுக்கும் வரும். கூடுகளை என்னிடம் புளி வாங்கிப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றாக லென்ஸில் பார்ப்பார். வாயருகே ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவார். பிறகு சின்னத் தராசில் மருந்து நிறுப்பார். மருந்து என்றால் கூட்டுக்குள் போடும் வெடிமருந்து. எல்லோரும் மருந்து என்றுதான் சொல்வார்கள். ஒரே அளவில் ஐந்து தோட்டா, அதற்கு ஒரு துளி கூட்டி அடுத்த ஐந்து, இன்னும் ஒரு துளி கூட்டி அடுத்த ஐந்து. எல்லாம் நோட்டில் ஏறும். ஞாயிறு சுட்டுவிட்டு வந்து, காகிதத்தில் விழுந்த ஐந்து ஓட்டையும் எந்த அளவில் நெருங்கி நிற்கிறது என்று உன் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளப்பார். "கூட கூட போட்டா பெரிய ஆளுன்னு நெனைக்கிறான் மே. அது இல்ல. இந்தத் துப்பாக்கி எந்த அளவுக்கு சந்தோஷமா கீதோ அதக் கண்டுபுடிக்கணும்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "நல்லா கண்டுபிடிங்க" என்றேன். எனக்கு அந்த மேசை வேண்டும், அவ்வளவுதான். மாதத்துக்கு மூன்று சனிக்கிழமை என் மேசை எனக்கில்லை என்ற எரிச்சல் எனக்கு எப்போதும் இருந்தது.

அவருக்கு ஒரே ஒரு கண்டிப்பு. அவர் இல்லாதபோது அந்தச் சாமான்களில் யாரும் கை வைக்கக்கூடாது. இதைக் கல்யாணமான புதிதிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். உனக்கும் சொல்லியிருந்தார். நீ கேட்டாய். நான் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை தூத்துக்குடியிலிருந்து உன் பெரிய மாமா குடும்பம் முதல்முறையாக நம் வீட்டுக்கு வருகிறது. எனக்குக் காலையிலிருந்தே பரபரப்பு. எம்.கே.பி. நகர் டேவிட் அண்ணன், அப்பாவின் கிளப் தோஸ்து, அவருடைய ஷாட்கன்னுக்குத் தோட்டா நிரப்பிக் கொடுக்கச் சொல்லி தன்னுடைய மருந்து டப்பாவை அனுப்பியிருந்தார். அப்பா அதை முடித்துவிட்டு, மிஞ்சிய மருந்தைக் கிண்ணத்தில் வைத்திருந்தபோது ஃபேக்டரியிலிருந்து போன். ஏதோ ஒரு லைனில் மீட்டர் தவறாகக் காட்டுகிறது, உடனே வா என்று. "இத அப்டியே வுடு, நானு வந்து எடுத்து வெக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினார்.

பன்னிரண்டு மணிக்கு மாமா ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். மேசையில் தராசு, கிண்ணம், கூடுகள். அண்ணி என்ன நினைப்பாள் என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு. எல்லாவற்றையும் வாரிப் பீரோவில் வைத்தேன். கிண்ணத்தை மருந்தோடு எப்படி உள்ளே வைப்பது? பீரோவில் இரண்டு டப்பா இருந்தன. ஒரே கடையில் வாங்கியவை, ஒரே நிறம். அப்பா இரண்டிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தார். நான் படிக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். படித்தேன். ஒன்றில் 'ரைஃபிள்', இன்னொன்றில் 'டேவிட்'. என் கையில் இருப்பது எது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. காலையில் அவர் யாருக்கு நிரப்பினார் என்று நான் கவனிக்கவே இல்லை. திறந்து பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி சாம்பல் நிறத்தில் பொடிப் பொடியாக இருந்தது. எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றியது. எதில் இடம் அதிகமோ அதில் கொட்டிவிட்டுக் குலுக்கிச் சமமாக்கி மூடினேன். அது ரைஃபிள் டப்பா. ஷாட்கன் மருந்து வேகமாக எரிவது, ரைஃபிளுக்குள் போகவே கூடாதது என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அதுவரை அது ஒரு தவறு. அதற்கு மேல் நடந்ததைத்தான் என்னால் வெட்கமில்லாமல் எழுத முடியவில்லை. அப்பா மூன்று மணிக்கு வந்தார். மாமாவிடமும் அண்ணியிடமும் சிரித்துப் பேசிவிட்டு, அடுப்படிக்கு வந்து மெதுவாகக் கேட்டார்.

"கிண்ணத்துல இருந்த மருந்த இன்னா பண்ண?"

"அதோட டப்பாவுலயே போட்டுட்டேன்."

"டேவிட்டு டப்பாலதானே?"

"ஆமாங்க. அதான் சொல்லுதேன்ல்லா."

எனக்குத் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு டப்பாவையும் அவர் அன்றே அழித்திருப்பார். ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும். அந்த ஒரு வாரத்துக்குக்கூட நான் தயாராக இல்லை. கூடத்தில் என் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான், அவன் காதில் என்னை ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்று நினைத்தேன். ரூபி நாளைக்கு உன்னிடம் ஏதாவது கேட்பாள், அருளு. பேச்சை அங்கேயே முடிக்கிற பதில் ஒன்று உன் நாக்கு நுனிக்கு வரும். அதைச் சொல்லாதே. தெரியாது என்றால் தெரியாது என்று சொல். எனக்கு இதைவிடப் பெரிய புத்திமதி எதுவும் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டேவிட் அண்ணன் மட்டும் தனியாக வந்து வாசலில் நின்றார். சட்டையெல்லாம் ரத்தம். "பயப்படாதம்மா, உசுருக்கு ஒண்ணும் இல்ல. துப்பாக்கி பின்னாடி வெடிச்சிச்சு. ஆஸ்பத்திரில கீறாரு" என்றார். முதல் தோட்டாவிலேயே நடந்திருக்கிறது. கூடு கிழிந்து, கட்டை பிளந்து, மரச்சிம்பு இடது உள்ளங்கையில் ஏறி இரண்டு விரலின் நரம்பை அறுத்துவிட்டது. கண்ணாடி போட்டிருந்ததால் ஒரு கண் முழுசாகத் தப்பியது. வலது கண்ணுக்கு அதன் பிறகு எல்லாம் பனிக்குள் இருப்பதுபோலத்தான் தெரியும்.

கட்டோடு படுத்திருந்தவர் மூன்றாம் நாள் என்னிடம் கேட்டார். நன்றாக யோசித்துவிட்டுத்தான் கேட்டார்.

"அன்னிக்கு அந்தக் கிண்ணத்து மருந்து... டேவிட்டு டப்பால போட்டது உனுக்கு நல்லா ஞாபகம் கீதா மே?"

அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. "நல்லா ஞாபகம் இருக்குங்க" என்றேன். அவர் தலையாட்டினார். "அப்போ நாந்தான். தராசுல எங்கயோ உட்டுட்டேன்" என்றார். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து, இரண்டு டப்பாவையும் வாளியில் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றி நனைத்து, காசிமேட்டுப் பக்கம் கடலோர அலைக்கல்லில் கொண்டுபோய்க் கொட்டினேன். வீட்டில் குழந்தை இருக்கிறது, பயமாக இருந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். சரிதான் என்றார்கள். யாராவது சோதித்துப் பார்த்திருந்தால் ஒரு நாளில் தெரிந்திருக்கும். விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்து, வீட்டில் வேறு யாராவது தொட்டார்களா என்று என் முன்னாலேயே கேட்டார். "இல்ல சார். எங்க வூட்ல யாரும் அதுல கை வெக்க மாட்டாங்க. தப்பு நம்மளுதுதான்" என்று அப்பா சொன்னார். நான் அந்த அதிகாரிக்குக் காபி கொண்டுவந்து வைத்தேன்.

கையும் கண்ணும் போனது பாதிதான். உடம்பு தேறியதும் அவரே ஃபேக்டரிக்கு எழுதிக் கொடுத்தார், என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றுங்கள் என்று. அவருடைய மேலதிகாரி வீட்டுக்கே வந்தார். "கண்ணாடி மாத்தினா சரியாயிடும்ப்பா. உன்ன மாதிரி ஆளு எனக்கு எங்க கெடைப்பான்?" என்று கெஞ்சினார். அப்பா சொன்னது எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை. "கண்ணு இல்ல சார் பிரச்சன. எம் மேல எனுக்கு நம்பிக்க இல்ல. பத்து தடவ பாத்து நிறுத்ததே தப்பாப் போச்சு. நாளைக்கு ஒரு கேஜ தப்பா செட் பண்ணேன்னா எத்தினி பேரு சாவான்?" அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை கையுறையும் போல்ட்டும் எண்ணிக் கொடுத்தார். அதையும் பக்கத்திலிருப்பவரை இன்னொருமுறை எண்ணச் சொல்வாராம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தப் பழைய நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு அந்தக் கடைசிப் பக்கத்தையே விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் எதிரில் கீரை ஆய்ந்துகொண்டு இருப்பேன்.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்தேனா என்றால் அதுவும் இல்லை. உனக்கு எட்டு வயதில் காய்ச்சல் வந்தது. அப்பா சிரப் பாட்டிலின் மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கோடு வரை ஊற்றிக்கொண்டிருந்தார். நான் போய் அதைப் பிடுங்கி, "நீங்க அளக்க வேண்டாம்" என்றேன். நீ கட்டிலில் படுத்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாய். அதன் பிறகு அவர் உனக்கு மருந்து கொடுத்ததே இல்லை. உன் சயின்ஸ் மாடலுக்கு வயர் இணைக்க அவரிடம் போனபோதும், "அப்பாகிட்ட குடுக்காதே, ஏதாவது பண்ணிருவாரு" என்றேன். எனக்கு அது தேவைப்பட்டது, அருளு. அவர் கவனக்குறைவான மனிதர் என்று நான் சொல்லச் சொல்ல, அது உண்மையாகிவிடும்போல இருந்தது. சில வருடங்களில் நானே நம்பவும் தொடங்கியிருந்தேன். நீ அவரிடமிருந்து எதையும் கற்றுக்கொள்ளாமல் வளர்ந்தாய். இன்று நீ பூனாவில் இன்ஜினீயர். அளவு பற்றி உனக்குச் சொல்லிக்கொடுக்க அந்த ஊரிலேயே அவரைப்போல ஓர் ஆள் இருப்பாரா என்று தெரியவில்லை. நீ படித்த நாளெல்லாம் அவர் பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

நிச்சயதார்த்தம் முடிந்து நான்காம் நாள் காலையில் சொன்னேன். அப்பா தினத்தந்தியைக் கண்ணுக்கு நெருக்கிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல முடியவில்லை. எந்த டப்பா, ஏன் பொய் சொன்னேன், ஆஸ்பத்திரியில் தெரிந்தே சொன்னது, அலைக்கல்லில் கொட்டியது, ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவர் பேப்பரை மடித்தார். திட்டுவார், அடித்தாலும் அடிக்கட்டும் என்று இருந்தேன்.

"கிண்ணத்துல எவ்ளோ இருந்திச்சு?" என்று கேட்டார்.

உள்ளங்கையைக் குவித்துக் காட்டினேன். பேப்பர் ஓரத்தில் பேனாவால் ஏதோ எழுதிக் கணக்குப் போட்டார். மூன்று முறை போட்டார். பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்போ நானு தப்பா நிறுக்கல."

"இல்லீங்க."

"நானு சரியாத்தான் நிறுத்துகீறேன்."

அவ்வளவுதான். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். மத்தியானம் தாண்டி வந்தார். பாரதியார் நகர் வரை கடலோரமாக நடந்திருக்க வேண்டும், காலெல்லாம் மணல். அதன் பிறகு எட்டு நாள் என்னோடு ஒரு வார்த்தை இல்லை. சோறு போட்டால் சாப்பிட்டார். நீ போன் செய்தால் உன்னோடு பேசினார். ஒன்பதாம் நாள் சொன்னார்: "பையனுக்கு நீயே சொல்லு. நானு சொன்னா உன்னக் காட்டிக் குடுத்த மாரி ஆயிடும்." அப்போதும் எனக்காகத்தான் யோசித்தார். அதைத் தாங்க முடியாமல்தான் நேற்று நான் மீஞ்சூருக்குப் போனேன்.

உன்னிடம் கேட்காமல் போனேன், கோபித்துக்கொள்ளாதே. ரூபி வீட்டார் எதிரில்தானே அவர் தலைகுனிந்தார், அங்கே போய்த்தான் நிமிர்த்த வேண்டும் என்று தோன்றியது. இந்தக் குடும்பத்தில் பெண் கொடுக்கலாமா என்று அவர்கள் யோசித்தால், அந்த யோசனை என்னைப் பற்றியதாக இருக்கட்டும், அவரைப் பற்றியதாக இருக்க வேண்டாம். காலை யூனிட் ரயிலில் ஏறிப் போய், ரூபியின் அப்பா, அம்மா, அந்தச் சித்தப்பா மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரூபியின் அம்மா என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் நிறுத்திக்கொண்டார். அவர் செய்தது சரி. கடைசியில் ரூபியின் அப்பா, "கல்யாணத்துக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்லீங்க. ஆனா சம்பந்திய நானு வந்து பாக்கணும்" என்றார். ரூபி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் கிளம்பும்போது ஸ்டேஷன் வரை கூடவே வந்தாள். என்னைக் குறையாக ஒன்றும் சொல்லவில்லை, ஆறுதலாகவும் சொல்லவில்லை. பிளாட்பாரத்தில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்: "அங்கிள் இப்ப எப்படி இருக்காரு ஆன்ட்டி?"

எட்டு நாளும் அவர் என்னை மன்னிப்பாரா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அவர் எப்படி இருக்கிறார் என்று நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. "தெரியலம்மா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு அவரிடம் போய் நின்றேன். மீஞ்சூருக்குப் போனதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் அப்படி நான் கேட்டதாக நினைவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"கோவமா கீறேன் மே" என்றார். "இத்தினி வருசமா எம் மேலயே கோவமா இருந்தேன். இப்ப உம் மேல. இது பரவால்ல."

அவர் முகத்தில் அப்படியொரு தெளிவை நான் பார்த்துப் பல வருடமாகிறது. அதனால் உன்னிடம் கேட்டுக்கொள்வது இதுதான். நீ வரும்போது எங்களுக்குள் சமாதானம் செய்துவைக்க முயற்சி பண்ணாதே. அந்தக் கோபம் அவருடையது. அவருக்கு எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள் அவரிடமே இருக்கட்டும்.

அம்மா